விரிசலுக்கு மேல் நாற்பது மில்லிமீட்டர்

பழைய சாலைக்கு மேல் புதுத் தார் போட்டே பிழைக்கும் ஓர் உயிரினம் லண்டனில் உண்டு. பெயர், மேல்பூச்சுப் பொறியாளர். கண்டால் பயப்படாதீர்கள். கடிக்காது, வரைபடம் காட்டும்.

விரிசல்களை எண்ண அவர் ஜூலையில்தான் வருவார். வெயிலில் தார் விரிந்து, வெடிப்புகள் வாயை மூடிக்கொண்டிருக்கும் மாதம் அது. காரைவிட்டு இறங்காமலே நடந்து முடியும் அந்த ஆய்வில் கணினி இருக்கும், வண்ணப் படம் இருக்கும், சாலையைத் துளைத்து அடியில் என்ன கிடக்கிறதென்று பார்க்கும் வேலை மட்டும் இருக்காது. விடையோ எப்போதும் நாற்பது மில்லிமீட்டர் புதுத் தார். அடியில் நிற்கும் தண்ணீர் உறைந்து உப்பினால்? அது ஜனவரியின் பாடு.

அசல் மாதிரி வேண்டுமா? சேஷாத்ரி. 2008 கோடையில் கிழக்கு லண்டனில் ஒரு தெருவுக்கு வந்தார். அங்கே மெற்றில்டா தன் கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போவார். முந்தின பனிக்காலத்தில் ஒருநாள் சக்கரம் வெடிப்பில் சிக்கிக் கணவர் குப்புற விழுந்திருந்தார்.

"தம்பி, கிண்டிப் பாருங்கோ. கீழ தண்ணி நிக்குது," என்றார் மெற்றில்டா.

"பதினஞ்சு வருஷம் தாங்கும் மேடம். ரிப்போர்ட்ல இருக்கு."

"றோட்டு ரிப்போர்ட் வாசிக்குமோ?"

வாசிக்கவில்லை. நாற்பதைப் பூசிவிட்டுப் போன பின் வந்த முதல் உறைபனியிலேயே பழைய வெடிப்பு அதே இடத்தில் புதுத் தாரைக் கிழித்துக்கொண்டு வந்தது. கணவர் மறுபடி விழுந்தார். இம்முறை இடுப்பெலும்பு.

சேஷாத்ரி குனிந்து பார்த்தார். "இது பழைய விரிசல், மேடம். என் லேயர்ல தப்பே இல்ல." தீர்வும் கையோடு வைத்திருந்தார்: இன்னொரு நாற்பது!

சோதித்துப் பார் என்று சொல்லும் அறிவியலைப் படித்துவிட்டு, பார்க்காமல் நம்பு என்பவருக்கும் பூசாரிக்கும் என்ன வேறுபாடு? பூசாரியிடம் பொறியியல் பட்டம் இல்லை.

மெற்றில்டா நகரசபைக்கு மனு எழுதினார்: தோண்டிச் சரிசெய்யுங்கள். தோண்டினால் மூன்று வாரம் தெருவில் கார் விட முடியாது. பூசினால் ஒரே நாள். அறுபது கதவுகளைத் தட்டினார்.

"பாவம்தான் அக்கா," என்றார் எதிர்வீட்டுச் சுசிலா. "ஆனா மூண்டு கிழமை காரை எங்க விடுறது?"

விழுந்தவை நான்கு கையெழுத்துகள். மார்ச்சில் இரண்டாவது நாற்பது வந்து சேர்ந்தது. மெற்றில்டாவின் கணவர் அடுத்த பனிக்காலத்துக்காக வீட்டுக்குள் காத்திருந்தார்.

சேஷாத்ரியைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. அறுபதில் நான்கு போனால் ஐம்பத்தாறு வீடுகள். உங்கள் கார் எந்த வாசலில் நிற்கிறது?