லாரியைச் சுற்றி வந்த வேதக்காரி

நான் கொஞ்சம் பெருமைக்காரி. மாதா கோயிலில் முன் வரிசையில் உட்காராவிட்டால் எனக்குப் பூசை கண்ட மாதிரியே இருக்காது. அந்தப் பெருமையை ஒரு லாரி வந்து கெடுத்தது.

என் வீட்டுக்காரர் அந்தோணி, ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை ஏற்றிப்போகும் நீள லாரி ஓட்டினார். ஒருமுறை கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். காலில் ரத்தம் கட்டியிருந்தது.

"மணிக்கணக்கா உக்காந்துகினே ஓட்டாதீங்க. அப்பப்போ எறங்கி நடங்க, தண்ணி குடிங்க. மறுபடி கட்டி நெஞ்சுக்கு ஏறுனா உசுருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா.

இவரோ, ஒதுங்க வண்டியை நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காத மனிதர். மறுபடி வேலைக்குப் போன அன்று நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். (யாரைக் கேட்டு? என்னைக் கேட்டுத்தான்.)

ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில், கார் கம்பெனி வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன.

"எறங்குய்யா, நட."

"வரிசை நகந்துட்டா?"

"அப்போ லாரியையே சுத்து."

செருப்பு கடித்ததால் வெறுங்காலோடு சுற்றினார். பின்னால் நான், தண்ணீர்ச் சொம்போடு.

அடுத்த லாரிக்காரர், மதுரைப் பக்கத்து ஆள், இறங்கி வந்தார். "என்ன வேண்டுதல்ணே?"

"காலுக்குப்பா" என்றார் இவர்.

அவருக்கும் முழங்கால் வலியாம். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். யாரோ தேங்காய் உடைத்தார். யாரோ கற்பூரம் ஏற்றினார். செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"டீசல் வண்டிகிட்ட இன்னாமா நெருப்பு? யாரு இங்க பூசாரி?"

எல்லாரும் என் சொம்பைப் பார்த்தார்கள்.

"நாங்க வேதக்காரங்க. இது டாக்டரு சொன்னது" என்று கழுத்துச் சிலுவையை எடுத்துக் காட்டினேன்.

"டாக்டரா கற்பூரம் ஏத்தச் சொன்னாரு?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் சேதி கோயிலுக்குப் போய்விட்டது. பூசை முடிந்ததும் ஃபாதர் கேட்டார்: "லாரியைக் கும்புட்டீங்களாமே, மேரிம்மா?" பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "விடாம சுத்த வைங்க" என்றார்.

விடவில்லை. இவர் கால் மறுபடி வீங்கவும் இல்லை. இன்றைக்கும் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் காரில் போனால், நிறுத்துகிற இடத்திலெல்லாம் மருமகன் கதவைத் திறந்துவிட்டு, "அத்தை, சாமி ரெடி. சுத்திட்டு வாங்க" என்பார். நான் புடவையைச் சரிசெய்து இறங்குவதற்குள் இவர் பாதி வண்டியைச் சுற்றியிருப்பார்.