பித்தப்பைக் கல்லும் பாதிச் சண்டையும்

ஆஸ்பத்திரி கட்டின பிறகு வியாதிக்குப் பஞ்சமே இல்லாமல் போன ஒரு காட்டில், செங்கோடன் என்றொரு கரடி இருந்தது. அதன் பித்தப்பையில் கல். வலி வந்தால் மரத்தைக் கட்டிப்பிடித்து அலறும். மேலே தேன்கூடு ஆடும்.

மரங்கொத்தி டாக்டர் கரடியைக் கட்டிலில் சேர்த்துக்கொண்டு சொன்னது: "காலையில ஆபரேஷன். அதுவரைக்கும் பச்சைத் தண்ணிகூட வாயில படக்கூடாது. மயக்கம் கொடுக்கையில வயித்துல கிடக்கறது மேலே ஏறி மூச்சை அடைச்சா, கல்லோட சேர்ந்து நீயும் போயிடுவே."

விடிந்ததும் கரடியின் அக்கா பவளம் தூக்குச்சட்டியோடு வந்தது.

"முகமே வாடிப் போச்சேடா தம்பி! ரெண்டே இட்லி. இட்லியெல்லாம் ஒரு சாப்பாடா?"

கரடி தின்றது. கீரி நர்ஸ் வாயை மோந்து பார்த்தது. ஆபரேஷன் தள்ளிப்போச்சு.

மறுநாள், "ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோட வரலாமா?" என்று அக்கா இளநீர் வெட்டிக் கொண்டுவந்தது. மறுபடியும் தள்ளிப்போச்சு. அன்று மத்தியானம் வந்த வலியில் கரடி கட்டில் காலையே பிடுங்கிவிட்டது.

"நாளைக்கும் இப்படின்னா, கல்லை உள்ளே வெச்சுக்கிட்டே வீட்டுக்குப் போ" என்றது டாக்டர்.

கரடி யோசித்தது. வராதே என்றால் அக்கா இரண்டு சட்டியோடு வரும். அதனால் சாயங்காலம் அக்கா தலையைக் கண்டதும் சண்டையை ஆரம்பித்தது.

"உன் மக கல்யாணத்துல எனக்கு இலை போட மறந்தியே, நியாயமா?"

"யாருடா மறந்தா? மூணு பந்தியிலயும் உட்கார்ந்து எழுந்தவன் நீதானே!"

"உன் பாயசத்தை நரிகூடக் குடிக்காது!"

அக்கா பதிலுக்கு வாயைத் திறந்தது. அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்ததென்று கீரி மணியடித்து, அக்காவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது.

காலையில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வயிறு சுத்தமாகக் காலி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கல்லை டப்பாவில் போட்டுக்கூடக் காட்டினார்கள்.

அடுத்த நாள் கீரி வந்து, "இனிமே கஞ்சி குடிக்கலாம். உன்கூடத் துணைக்கு இருக்கறது யாரு?" என்றது.

யாருமில்லை. பக்கத்துக் கட்டில் முயலுக்கு அதன் வீட்டார் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கரடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கதவு படாரென்று திறந்தது. அக்கா!

"உன்னைப் பார்க்க ஒண்ணும் வரலை. அன்னிக்கு மணியடிச்சுட்டா. பாயசத்தைப் பத்திச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு. வாயைத் திற, கஞ்சி ஆறுது. ஏண்டா, அந்தப் பாயசத்துக்கு என்ன குறைச்சல்?"

கரடி வாயைத் திறந்தது. கஞ்சி உள்ளே போனது.

நீதி: ஆபரேஷனுக்கு முந்தின நாள் சொந்தக்காரர்களோடு சண்டை போடு. ஆனால் பாதியில் நிறுத்து. மீதியைத் திட்டக் கஞ்சியோடு வருவார்கள்.