மண்சித்தர் கேட்ட மாடு

ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தைவிட மண்ணை வைத்துக் குறி சொல்லும் மண்சித்தருக்கு நின்ற கூட்டம் பெரிது. ஆளுக்கொரு பொட்டலத்தில் மண்கட்டி. புது அடுக்குமாடிவாசி ஒருவர் ரோஜாத் தொட்டியையே தூக்கி வந்திருந்தார். பூக்கவில்லையாம், பூமிக்குக் கோபமாம். தண்ணீர் ஊற்றினாரா என்று யாரும் கேட்கவில்லை.

வரிசையில் நின்ற லாசரஸின் கவலை நிஜமானது. பீர்க்கன்கரணை ஏரிக்கு மேலே சரிவில் அவருக்குக் குடும்ப நிலம். சோளமும் கீரையும் போட்டு, மாடு வளர்த்தார். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஏரிக்குப் போனது. சரளைக்கல் பல்லிளித்தது.

கல்யாண மண்டப மேடையில் சித்தர், லாசரஸ் தந்த காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். கரைந்து சேறானது. தன் மந்திரக் கட்டியை இன்னொரு டம்ளரில் போட்டார். லட்டு மாதிரி அப்படியே நின்றது.

"பாத்தியா? உன் மண்ணுல சாபம் கீது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. லாசரஸ் சிலுவை போட்டுக்கொண்டார். ஏமாறுவதில் மத நல்லிணக்கத்துக்குக் குறைவே இல்லை.

"பரிகாரம், சாமி?"

"கறவை மாடு ஒண்ணு ஆசிரமத்துக்கு ஓட்டிகினு வா."

லாசரஸ் கொட்டகையில் சினையாக நின்ற செவலைப் பசுவை நினைத்தார். ஆனாலும் தலையாட்டினார்.

அவர் மனைவி ஜோசலின் பையிலிருந்து வேறொரு கட்டியை எடுத்தாள். தங்கள் நிலத்தில் அதை எடுத்த இடம் மட்டும் ஏன் கரைவதில்லை என்று கேட்கக் கொண்டுவந்திருந்தாள்.

"சாமி, இதுவும் எங்க நிலம்தான். கொட்டகை பக்கம், சாணமும் புல்லுமா கிடக்கிற வரப்பு. மந்திரம் எதுவும் போடலை."

கட்டியை டம்ளர் தண்ணீரில் போட்டாள். கரையவில்லை.

"இப்போ எங்க வெறும் மண்ணுக்கு மந்திரம் போடுங்க. கரையலன்னா மாட்டை நானே ஓட்டிட்டு வரேன்."

சித்தர் மைக் அலறும்வரை மந்திரித்தார். போட்ட கட்டி உடனே கரைந்தது.

"சந்தேகப்படுறவங்க முன்னால மந்திரம் நிக்காது!"

"சந்தேகத்துக்கே நிக்காதது மழைக்கு எப்படி சாமி நிக்கும்?"

சொல்லிக்கொண்டே மந்திரக் கட்டியை எடுத்துப் பிட்டாள். உள்ளே மந்திரம் இல்லை. மண்ணைக் கவ்விப் பிடித்தபடி புல்வேர். மண்டபம் சிரித்தது. சித்தர் சாப்பாட்டுக் கூடத்தின் வழியாக வெளியேறினார்.

லாசரஸ் சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டுப் புல் நட்டார். சாணத்தைக் கொட்டினார். அறுத்த சோளத்தட்டையில் மாட்டுக்குப் போக மீதியை நிலத்தில் பரப்பினார். அடுத்த மழையில் தண்ணீர் மட்டும் ஏரிக்குப் போனது. மண் வீட்டிலேயே இருந்தது.

சித்தர் இப்போது சேலையூரில் வற்றிய போர்வெல்களுக்கு மந்திரிக்கிறார். நல்ல கூட்டம். மூடிவைக்க வேண்டியது மண்ணைத்தான் ஐயா, மூளையை அல்ல!