என் திறமையை வாப்பா கண்டுபிடித்த விதம்

அன்புள்ள ஜமீலா லாத்தாவுக்கு, பழவேற்காட்டிலிருந்து தங்கை ஷமீமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மச்சானும் ஆரம்பாக்கத்தில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே வாப்பா, உம்மா, பூனை மூவரும் சுகம். நான் சுகமில்லை. போன் வாப்பாவின் சட்டைப் பையிலேயே தூங்குவதால், எல்லோரும் படுத்த பிறகு ஒளிந்து எழுதுகிறேன். காலையில் தோணிரேவுப் படகுக்கார நீலமேகம் அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன்.

மத்ரஸாவுக்கு வந்திருக்கும் புது ஆலிமா, அல்லாஹ் ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு திறமையை வைத்தே அனுப்புகிறான், அதைப் பேணி வளர்ப்பது பெற்றோரிடம் ஒப்படைத்த அமானிதம் என்று சொல்லி, ஒரு வாரம் பிள்ளையைக் கவனித்து எழுதிவரும்படி வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார். வாப்பா வாங்கிய இடத்திலேயே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கிராஅத்" என்று எழுதிவிட்டார். நீ குர்ஆன் ஓதிப் பரிசு வாங்கியவள், ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு தொண்டை வேறு வேறாகவா இருக்கும் என்று கேட்டார். என் தொண்டை உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்ரஸா ஆண்டு விழாவில் முதலில் ஓதப்போவது நான்தான் என்று ஜமாஅத் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. அன்றிலிருந்து தேன், மிளகு, சுடுதண்ணீர். உம்மாகூட என்னிடம் பேசுவதில்லை. பதில் சொன்னால் என் தொண்டை கெட்டுவிடுமாம். உன் தலையணையிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். நல்ல பொறுமைசாலி.

நேற்று, வீட்டில் பூனை கத்துகிறது என்று, இரவல் படகில் என்னை ஏரி நடுவே கூட்டிப்போனார். கரையில் நண்டு வாங்கி விற்கிறவருக்குப் படகு எதற்கு என்று கேட்க ஆளில்லை. மூன்றாவது ஆயத்து வரியில் வழக்கம்போல் திக்கினேன். நிமிர்ந்தால், தூரத்து மணல்திட்டில் நாரைகள் எல்லாம் வடக்கே முகம் திருப்பி நின்றன. நீ போனதிலிருந்து சாயங்காலம் தனியாக உட்கார்ந்து நான் பார்ப்பது அவற்றைத்தான்.

"வாப்பா, வாடைக்காத்து வரப்போவுது, திரும்பிடலாம்."

"ஓதற நேரத்துல இன்னா காத்துப் பேச்சு? மொதல்லேந்து ஓது."

ஓதினேன். கால்மணி நேரத்தில் காற்று தள்ளிக்கொண்டுபோய்ப் படகைச் சேற்றில் உட்காரவைத்தது. இறங்கித் தள்ளிய வாப்பா முழங்கால்வரை புதைந்தார். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கயிறு கட்டி இழுக்க வந்த நீலமேகம் அண்ணன், "இன்னா பாய், மத்ரஸாவ சேத்துலயே கட்டிட்டியா? கடக்கால் நல்லா எறங்கிக்கீது" என்று சிரித்தார். வாப்பா மிச்சச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தார்.

லாத்தா, எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தனை பேர் முன்னால் நான் திக்கினால் வாப்பா முகம் என்ன ஆகும்? உடனே போன் பண்ணி, உனக்கு உடம்பு முடியவில்லை, துணைக்கு ஷமீமாவை அனுப்புங்கள் என்று சொல்லிவிடு. பொய்தான். பாவத்தில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

மச்சானுக்கு என் ஸலாம். உன் வீட்டில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

தங்கை ஷமீமா

பின்குறிப்பு: போன் பண்ணாதே. தண்ணீர் குடிக்க எழுந்த வாப்பா இதை முழுக்கப் படித்துவிட்டார். அடி விழும் என்று நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, "காத்து வரும்னு உனக்கு எப்டிமா தெரிஞ்சுது?" என்றார். சொன்னேன். எந்தத் திட்டு, எத்தனை பறவை, எவ்வளவு முன்னால் திரும்பும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விடியற்காலை சுபுஹு பாங்குவரை பேசினோம். ஜமாஅத் முழுக்கச் சொல்லிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை ஓதத்தான் போகிறேன். எங்கே திக்குவேன் என்று வாப்பாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். அந்த இடம் வரும்போது எழுந்து வெளியே போகமாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.