மொட்டை மாடிக்குப் போன எர்த்

உடையார்பாளையத்தில் ‘டெஸ்டர்’ ஒயரிங் செய்த வீடுகளில் யாருக்கும் காலையில் காபி தேவைப்பட்டதில்லை. குளியலறைக் குழாயைத் தொட்டாலே தூக்கம் போய்விடும்.

அவரை எலக்ட்ரீசியன் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டெஸ்டர் என்ற பட்டப்பெயர்கூட அவரிடம் அந்தக் கருவி இல்லாததால் வந்தது. கரண்ட் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். கை உதறினால் இருக்கிறது. உதறாவிட்டால், ஃபியூஸ் போட மறந்திருக்கிறார்.

அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ரப்பர் செருப்பு. அவர் வேலை பார்த்த தெருவில் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவார்கள்; குளிக்கும்போது மாட்டிக்கொள்வார்கள். கேட்டால், “டெஸ்டர் சொல்லிருக்காரு” என்பார்கள், ஏதோ டாக்டர் சொன்னதுபோல.

என் தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தபோது அப்பா வாட்டர் ஹீட்டர் வாங்கினார். டெஸ்டர் மாட்டினார். ஒரு பச்சை ஒயர் மிஞ்சியது.

“இது என்னப்பா?” என்றார் அப்பா.

“எர்த்துங்க. மண்ணுக்குப் போவணும். குழாய்ல கட்டிவுட்டா முடிஞ்சுது. குழாய் எங்க போவுது, மண்ணுக்குத்தான?”

எங்கள் வீட்டில் போகவில்லை. சுவரையொட்டி ஒரு முழம்தான் இரும்புக் குழாய். மற்றதெல்லாம் பிளாஸ்டிக். அதுவும் மேலே ஏறி மொட்டை மாடித் தொட்டியில் முடிந்தது. பூமிக்குப் போகவேண்டிய எர்த்தை வானத்துக்கு அனுப்பிய மனிதர், எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஹீட்டரில் கசிந்த மின்சாரம் பச்சை ஒயர் வழியே குழாய்க்கு வந்து, இறங்க வழியில்லாமல், ஈரத்தரையில் யாராவது வந்து நிற்கக் காத்திருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தங்கை முதல் குளியலிலேயே அலறிக்கொண்டு வெளியே வந்தாள். ஆள் அனுப்பி டெஸ்டரை வரவழைத்தோம்.

“ஈரக் கையில தொட்டா லேசா சுருக்குங்கத்தான் செய்யும் தங்கச்சி. செருப்பு போட்டுக்கிட்டு குளி.”

தங்கை மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். “நாளைக்கு இவளையும் அங்கதான் குளிப்பாட்டணும். இவளுக்கும் செருப்பு வாங்கியாறீங்களாண்ணே? கால் அளவு பாத்துக்கங்க.”

டெஸ்டர் பார்த்தார். அந்தக் கால் அவருடைய கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் தொட்டார். அடுத்து நாங்கள் பார்த்தபோது பக்கெட்டைக் கட்டிப்பிடித்தபடி குளியலறை வாசற்படியில் கிடந்தார்.

“ஆமா தங்கச்சி, கொஞ்சம் கூடத்தான் இருக்கு.”

அன்றே கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, எர்த் பைப் இறக்கினார். ஹீட்டரையும் குழாயையும் கம்பியால் அதனோடு இணைத்தார். கரண்ட் கசிந்தால் தானே அணையும் ட்ரிப்பரும் மாட்டினார். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைத் தன் கண்டுபிடிப்புபோல அப்பாவுக்கு விளக்கவும் செய்தார்.

இப்போது பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். கோடை விடுமுறைக்கு அவள் வந்தது தெரிந்தால் டெஸ்டர் வந்துவிடுகிறார். எர்த் குழி காயக்கூடாது என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். சட்டைப்பையில் இப்போது நிஜ டெஸ்டர் இருக்கிறது. அதை வைத்துக் குழாயைச் சோதிக்கிறார். பிறகு அதை நம்பாமல், செருப்பைக் கழற்றிவிட்டு விரலாலும் தொடுகிறார். வடிகட்டிய மடத்தனம்.

ஆனால் அவர் வெளியே வந்து “நீ போ ஆயி” என்று சொல்லும்வரை பாப்பா குளிக்கப் போவதில்லை. அதற்கு முன் போகச் சொல்ல எங்களுக்கும் மனம் வருவதில்லை.