வெண்டியின் ஒற்றை ஓட்டு

எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமலே இருபத்திரண்டு வருஷம் எம்.பி.யாகக் காலம் தள்ளலாம் என்பதற்கு டெரெக் ஆர்மராட் நடமாடும் சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா, இருப்பதா என்று பிரிட்டனே மண்டையை உடைத்துக்கொண்ட மூன்று வருஷமும் மீன்கடைக்காரரிடம் "விலகணும்" என்பார், பள்ளி ஆசிரியையிடம் "இருக்கணும்" என்பார். அரசாங்கத்தின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்த அன்று அவருக்குப் பல்வலி. விலகல் ஒப்பந்தம் ஓட்டுக்கு வந்தபோது பல்லைப் பிடுங்கியாகிவிட்டதால் முதுகுவலி.

லங்காஷயரில் அவருடைய தொகுதிக் கட்சிக்காரர்களுக்குக் கடைசியில் பொறுமை போய்விட்டது. டெரெக் மேலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் டிசம்பர் தேர்தலில் அவருக்கு டிக்கெட் கிடையாது. மனிதருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

ஒரே தெம்பு, தொகுதிக் கமிட்டித் தலைவி அவர் மனைவி வெண்டிதான். சம்பளமில்லாத பதவி என்பதால் அவரே பிடித்துப் போட்ட ஆள். கூரை ஒழுகுகிறவர், பென்ஷன் வராதவர் எல்லோருடைய குறையையும் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து கேட்டவள் அவள். அந்த நேரத்தில் டெரெக் லண்டனில் தீவிர யோசனையில் இருப்பார்.

கூட்டத்தன்று காலை தலைகளை எண்ணிப் பார்த்தார். எதிரிகள் நாற்பத்தொன்று. தன் ஓட்டையும் சேர்த்தால் தன் பக்கம் நாற்பத்திரண்டு.

"உனக்கு நீயே கை தூக்கப் போறியா?" என்றாள் வெண்டி, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"தூக்கலன்னா சமமாயிடுமே."

"ஆகட்டுமே. சமமானாத்தான் தலைவி ஓட்டுப் போடலாம்னு விதி. நான் எதுக்கு இருக்கேன்?"

டெரெக்கின் முகம் மலர்ந்தது. நாடாளுமன்றத்தில் ஓட்டு சமமானால் சபாநாயகர் இருக்கிறதை இருக்கிறபடியே விடுவார். நூற்றாண்டு மரபு. ஓட்டே போடாமல் ஜெயிக்க இதைவிடக் கௌரவமான வழி ஏது? மனைவியின் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தார்.

கட்சி மண்டபத்தில் நனைந்த கோட்டுகளின் நாற்றம், ஆறிப்போன தேநீர். கைகளை எண்ணினார்கள். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. டெரெக் கையைக் கட்டிக்கொண்டு பெருந்தன்மையாகச் சுவரோரம் நின்றார்.

வெண்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "தலைவியோட ஓட்டு, தீர்மானத்துக்கு ஆதரவா. டெரெக் மேல நம்பிக்கையில்ல. தீர்மானம் நிறைவேறிச்சு."

டெரெக் மேடைக்கு ஓடினார். "வெண்டி, மரபுன்னு ஒண்ணு இருக்கு. சபாநாயகர் எப்பவும்…"

"அது லண்டன்ல, கண்ணு. இங்க நான்தான்."

"கட்டின புருஷனுக்கு எதிரா எப்படிக் கை வந்துச்சு உனக்கு?"

"இருபத்திரண்டு வருஷமா ஊர்ல எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க, உன் புருஷன் எந்தப் பக்கம்னு. பதில் சொல்ல முடியாம கடைக்குப் போறதையே விட்டுட்டேன் டெரெக். அது எவ்வளவு கேவலமா இருக்கும்னு ஒரு நாளாவது யோசிச்சியா?"

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் டெரெக்குக்கு அதிகமாக வலித்தது. தன்னைத் தவிர மண்டபத்தில் எல்லோருக்கும் அவள் பட்ட இந்த அவமானம் எப்போதோ தெரியும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. போகிற போக்கில் ஒரு கல்லாவது எறியலாம் என்று தோன்றியது.

"சரி, தேர்தலுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. என்னை விட்டா வேட்பாளருக்கு எங்க போவீங்க?"

"நேத்தே மனு வந்தாச்சு. என்னோடது." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "முன்மொழியறவர் கையெழுத்து உன்னோடது. நேத்துக் காலையில முட்டை தின்னுக்கிட்டே படிக்காம போட்டியே, அது இதுதான்."