பத்தொன்பதாம் ராஜாவுக்குப் பிறகு

வாள்கூடத்திலிருந்து மறுபடியும் கைதட்டல் கேட்டது. பக்கத்துச் சிம்மாசனக் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்த வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரைகூட ஆகவில்லை, அதற்குள் மூன்றாவது கைதட்டல்.

அரண்மனை அருங்காட்சியகமாகிப் பதினெட்டு வருஷம். அன்றிலிருந்து சிம்மாசனக் கூடம் அவருடையது. சுவரில் பத்தொன்பது ராஜாக்களின் படங்கள். யார் எப்போது பட்டத்துக்கு வந்தார், எத்தனை வருஷம் ஆண்டார், எப்போது கண்ணை மூடினார் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதனால் ஊழியர்கள் அவரை 'வருஷம் சார்' என்றார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். கேட்க வந்தவர்கள் ஐந்தாம் ராஜா சாவதற்குள் நழுவிவிடுவது வேறு விஷயம்.

நான்கு மாதம் முன்னால் வாள்கூடத்துக்கு ஒரு இளம்பெண் வேலைக்கு வந்தாள். அங்கே இருப்பது துருப்பிடித்த பதினாறு வாளும், ஓட்டை விழுந்த ஒரு கேடயமும்தான். அதை வைத்துக்கொண்டே கூட்டத்தைக் கட்டிப்போட்டாள். அங்கிருந்து வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். பார்வையாளர் புத்தகத்தில் பக்கம் பக்கமாக அவள் புகழ்தான்.

வருஷம் சாருக்கு வயிறு எரிந்தது. ராஜாக்கள் அத்தனை பேரும் இங்கே இருக்க, அழுகை மட்டும் அங்கேயா? அவள் அனுப்பும் கூட்டம் இப்போதெல்லாம் இவரிடமும் பத்தொன்பதாம் ராஜாவரை நிற்கத்தான் செய்தது. ஆனால் படங்களை விட்டுவிட்டு இவர் முகத்தையே பார்த்தது. பரிதாபப்பட்டு நிற்கிறார்கள் என்று நினைத்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

வீட்டில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் பாதிதான் காதில் வாங்கினாள்.

"ஏங்க, பத்தொன்பது பேர்ல ஒருத்தர்கூடவா சிரிக்கிற மாதிரி ஒண்ணும் பண்ணல?"

மறுநாள் ஏழாம் ராஜாவைக் கையில் எடுத்தார். போருக்குக் கிளம்பியவர், யாரிடமும் வழி கேட்பது கௌரவக் குறைச்சல் என்று மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தன் கோட்டையையே முற்றுகை போட்டார் என்று அளந்துவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரம் போதவில்லை என்று முடிவு செய்தார். அடுத்த நாள் பதினோராம் ராஜா: எலிக்குப் பயந்து சிம்மாசனத்தில் ஏறியவர் ஒரு மாதம் இறங்காமல் அங்கிருந்தே ஆட்சி செய்தாராம். ஓய்வுபெற்றவர் போலிருந்த ஒருவர் நெருங்கி வந்து இவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசுல எவ்வளவு வலி இருந்தா நீங்க இப்படிப் பேசுவீங்க" என்று தழுதழுத்தார். பிறகு, கூட நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார்.

இவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாம் வாள்கூடத்துப் பெண்ணின் வேலை என்பது மட்டும் புரிந்தது. நேராக மேலாளரிடம் போய், அந்தப் பெண் இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் கூட்டம் சேர்ப்பதாகப் புகார் கொடுத்தார்.

மேலாளர் இழுப்பறையைத் திறந்தார். "அவங்களைப் பத்தி ஒரு புகார்கூட இல்ல சார். மன்னர்களை நீங்க கேவலமாப் பேசறதா ரெண்டே நாள்ல புகார்ப் பெட்டியில ஆறு கடிதம் விழுந்திருக்கு. இன்னொண்ணு வந்தா உங்களை சாமான் அறைக்குத்தான் மாத்தணும்."

பதினெட்டு வருஷம் ராஜாக்களோடு இருந்தவருக்கு உடைந்த நாற்காலிகளோடு வாழ்க்கையா? கையும் களவுமாக அவளைப் பிடித்துவிட வேண்டியதுதான் என்று மதியம் வாள்கூடத்துக் கதவருகே பதுங்கினார். அவள் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை காதில் விழுவதற்குள் கூட்டத்தில் யாரோ இவரைப் பார்த்துவிட்டார்கள். பேச்சு நின்றது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கேடயத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கூட்டத்தை இப்படி மரியாதையாக நடந்துகொள்ளப் பழக்கி வைத்திருக்கிறாளே என்று அதற்கும் பொறாமைப்பட்டுக்கொண்டே அவர் வெளியே வந்தார்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வாள்கூடத்துக்குக் கூட்டத்தை அழைத்துப் போய் விடுவதும் அவர்தான், அங்கே பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். வருஷம் சார் மானத்தை விழுங்கிக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொண்ணு அப்படி எந்த ராஜாவோட கதையத்தான் சொல்லுது?"

"ராஜா கதையெல்லாம் இல்ல சார்" என்றார் டிக்கெட் கிழிப்பவர். "நீங்க பேசறப்ப எல்லாரும் பாதியில போயிடறாங்களேன்னு அதுக்குப் பாவமா இருந்ததாம். 'அடுத்த ஹால்ல நிக்கிறாரே, அவர்தான் இந்த வம்சத்தோட கடைசி வாரிசு, சொந்த வீட்டையே சம்பளத்துக்குச் சுத்திக் காட்டறார், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க'ன்னு சொல்லி அனுப்புது."